காளையும் நுகத்தடியும்

இரண்டு வருஷங்களுக்கு முன்னால், ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், பொழுது விடிந்தும் விடியாமலும் என் டெலிபோன் மணி அடித்தது. அமெரிக்காவில் இருக்கும் என் சகோதரியின் மகன் பேசினான். டெக்ஸாஸ் மாகாணத்தில் டல்லாஸ் நகரில் உத்தியோகம் பார்த்து வந்தவன், கொலராடோ மாகாணத்தில் வேறு வேலை கிடைத்து, மனைவியையும் மூன்று வயதுக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு குடிபெயர்ந்து போய்க்கொண்டிருந்தான். வீட்டுச் சாமான்களையெல்லாம் ஒரு பெரிய டிரெய்லரில் ஏற்றி, அதை இழுப்பதற்கென்றே பழைய டீஸல் பிக்-அப் ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தான்.

"மாமா! மலை மேலே நிற்கிறோம். வண்டி நகரமாட்டேன் என்கிறது" என்றான்.

"எஞ்சின் கெட்டுப் போய்விட்டதா?"

"எஞ்சின் சிங்கம் மாதிரி கர்ஜிக்கிறது, மாமா. அதுதான் வயிற்றெரிச்சல். மிதித்தால் எஞ்சின் கத்துகிறது. சக்கரம் மட்டும் சுற்றவில்லை."

பின்னணியில் குழந்தை அழும் சப்தம் கேட்டது. எனக்கு இங்கே விடிகிற நேரம். அவர்களுக்கு அங்கே இருட்டுகிற நேரம். இழுத்துப் போகும் வண்டி ஒன்று வந்து அவர்களை மீட்பதற்குள் நள்ளிரவாகிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. பழுது பார்த்த செலவு ஐயாயிரம் டாலருக்கு மேல். அது அவனுடைய சேமிப்பில் பெரும்பகுதி.

அவன் நின்ற இடத்தின் பெயர் ராட்டன் கணவாய். நியூ மெக்ஸிகோவுக்கும் கொலராடோவுக்கும் நடுவில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 7,800 அடி உயரத்தில் இருக்கிறது. சரித்திரத்தில் பெயர் பெற்ற இடந்தான். ஸான்டா பே நகரத்துக்குப் போகும் பழைய வர்த்தகப் பாதையின் ஒரு கிளை அதன் வழியாகச் சென்றது. 1846-ம் ஆண்டில் மெக்ஸிகோவின் மீது படையெடுத்துச் சென்ற அமெரிக்க சைன்யம் அந்தக் கணவாயில் பார வண்டிகளை ஏற்றி இறக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1860-களில் உட்டன் என்ற மலைவாசி பாறைகளை உடைத்து அங்கே ஒரு சாலை போட்டு, சுங்கம் வசூலித்துப் பிழைத்தார். அந்தக் காலத்தில் அவ்வழியே பார வண்டிகளை இழுத்தவற்றில் எருதுகளும் உண்டு.

எருது வண்டி என்றால் நமக்குத் தெரியாத விஷயமா? சந்தையில் மாடு வாங்கப் போகிறவன் காளையின் திமிலைத் தட்டிப் பார்க்கிறான், பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான். காளையின் பலம் வண்டிக்குப் போய்ச் சேரும் வழி நுகத்தடி. அதை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. மேட்டில் ஏறும்போது அது முறிந்தால், காளை எவ்வளவு உயர்ந்த ஜாதியாக இருந்து என்ன? வண்டி பின்னோக்கித்தான் உருளும்.

மோட்டார் வண்டியில் எஞ்சின்தான் காளை. கியர் பாக்ஸ்தான் நுகத்தடி.

வீடு போய்ச் சேர்ந்ததும் மருமான் எனக்கு ஒரு கடிதம் எழுதினான். "ரிப்பேர் செய்த வண்டியை விற்றுவிட்டேன், மாமா. அதன் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஆனால் இந்த ஊரில் பாரம் இழுக்க ஒரு வண்டி இல்லாமல் முடியாது. புது வண்டி வாங்கவோ கையில் பணமில்லை. நீங்கள் சரித்திரம் எழுதுகிறவராயிற்றே! பழைய வண்டியின் சரித்திரத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லுங்களேன்" என்று அதில் எழுதியிருந்தான்.

கேலியாகத்தான் எழுதினான். ஆனால் யோசிக்க யோசிக்க, அவன் சொன்னது முற்றிலும் சரி என்று எனக்குப் பட்டது. புது வண்டி வாங்குகிறவன் யந்திரத்தை வாங்குகிறான். பழைய வண்டி வாங்குகிறவனோ, இன்னொருவர் அந்த யந்திரத்தை நடத்திய விதத்தையும் சேர்த்து வாங்குகிறான். அதாவது ஒரு சரித்திரத்தை விலை கொடுத்து வாங்குகிறான். ஆகையால் அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் துருவிப் பார்த்தேன்.

டீஸல் எஞ்சினின் கதை பலருக்கும் தெரிந்ததே. ருடால்ப் டீஸல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் அதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இரவோடு இரவாக மறைந்து போனார். பிறகு அவருடைய உடல்தான் கிடைத்தது. அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்தைச் சேர்ந்த கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவர் 1919-ல் டீஸல் எஞ்சின் செய்வதற்கென்று ஒரு கம்பெனி தொடங்கினார். 1930-ம் ஆண்டு ஜனவரியில், பெரிய கார் ஒன்றில் டீஸல் எஞ்சினைப் பொருத்தி, இண்டியானாபொலிஸிலிருந்து நியூயார்க் வரையில் தாமே ஓட்டிச் சென்று ஜனங்களை ஆச்சரியத்தில் ஆழ்த்தினார்.

கியர் பாக்ஸைக் கண்டு பிடித்தவர்களுக்கு இப்படிப்பட்ட கீர்த்தி வாய்க்கவில்லை. எத்தனை பேருக்கு ஹெர்மன் பட்டிங்கர் என்ற பெயர் தெரியும்? 1905-ல் அவர் ஜெர்மனியில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் என்ஜினீயராக இருந்தார். அவருடைய யோசனை மிகவும் எளிமையானது. இரண்டு மின்சார விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓட்டினால், அதன் காற்று பட்டு மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் ஒரு திரவத்தை வைத்து இரண்டையும் ஒரே கூட்டுக்குள் மூடிவிட்டால், இரும்போடு இரும்பு உரசாமலே சக்தியைக் கடத்தலாம். கப்பலுக்காகப் பிறந்த இந்த யோசனைதான் 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் 'ஹைட்ரா-மாட்டிக்' என்ற தானியங்கிக் கியராக வந்து சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்காவின் இலேசு ரக டாங்கிகள் சிலவற்றிலும் அதே கியர் உழைத்தது.

தானியங்கிக் கியரின் சௌகரியம் பெரிது. அதன் பலவீனமும் ஒன்று உண்டு. அதற்குள் சக்தியைக் கடத்துவதும் எண்ணெய். கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பதும் எண்ணெய். சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போவதும் எண்ணெய். அளவுக்கு மேல் பாரம் இழுத்தால் தகடுகள் வழுக்கும். வழுக்கினால் சூடு. சூட்டினால் எண்ணெய் கெடும். எண்ணெய் கெட்டால் தகடு இன்னும் வழுக்கும். கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்பது போல் இது வளர்ந்து கொண்டே போகும். கடைசியில் ஒரு மலையேற்றத்தில் திவால்.

இனி, இந்தக் காளையும் இந்த நுகத்தடியும் சேர்ந்த கதைக்கு வருவோம். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்த பிறகுதான் அமெரிக்கர்கள் சிறிய வண்டிகளுக்கும் டீஸல் வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-லும் போர்டு 1983-லும் தங்கள் பிக்-அப் வண்டிகளில் பெரிய டீஸல் எஞ்சின்களைக் கொண்டு வந்தன. 1989-ல் டாட்ஜ் கம்பெனி ஒரு துணிச்சலான காரியம் செய்தது. கம்மின்ஸ் ஸ்தாபனத்தாரின் 5.9 லிட்டர் எஞ்சினை, வயல் யந்திரங்களிலும் சரக்கு லாரிகளிலும் உழைத்து வந்த முரட்டுப் பிராணியை, பிக்-அப்பில் ஏற்றியது. அதன் எடை மட்டும் ஆயிரம் பவுண்டுக்கு மேல். 160 குதிரைச் சக்தி என்பது பிரமாதமில்லை. ஆனால் முறுக்கு விசை 400 பவுண்டு-அடி. ஓர் அடி நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 400 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ, அவ்வளவு. அதுவும் எஞ்சின் நிதானமாகச் சுற்றும்போதே!

இந்த முரட்டு மாப்பிள்ளைக்கு அவர்கள் பார்த்த பெண் எது? 1962-ல் பெட்ரோல் கார்களுக்காக வந்த மூன்று கியர் தானியங்கியின் வமிசத்தில் பிறந்தது. நல்ல குலந்தான், அதற்குள் கால் நூற்றாண்டு பெயரெடுத்த கியர்தான். ஆனால் இப்படிப்பட்ட முறுக்கைத் தாங்குவதற்கென்று பிறந்ததல்ல. பின்னால் வந்த வருஷங்களில் அதற்கு நான்காவது கியர் சேர்த்தார்கள், உறுப்புக்களைப் பலப்படுத்தினார்கள். எஞ்சினோ அதைவிட வேகமாக வளர்ந்து கொண்டிருந்தது.

இங்கேதான் என் கண்ணில் ஒரு சாசனம் பட்டது. கல்வெட்டு அல்ல, கம்பெனிக்காரர்களே வெளியிட்ட விவரப் பட்டியல். 1996-ம் ஆண்டு டாட்ஜ் வண்டியில், கையால் கியர் மாற்றும் வண்டிக்கு எஞ்சின் சக்தி 215 குதிரை, முறுக்கு 440. அதே எஞ்சின், தானியங்கிக் கியருடன் வரும்போது 180 குதிரை, முறுக்கு 420! 2001-ல் 505 பவுண்டு-அடி முறுக்குள்ள உயர்ந்த ரகம் வந்தது. அது கையால் மாற்றும் ஆறு கியர் வண்டிக்கு மாத்திரம். தானியங்கி வேண்டுமென்றவர்களுக்கு 460-தான்.

இதன் பொருள் என்ன? தன் எஞ்சின் முழு பலத்தையும் காட்டினால் எந்த நுகத்தடி தாங்கும், எது தாங்காது என்று செய்தவனுக்கே தெரிந்திருக்கிறது. வாயால் சொல்லவில்லை, எண்ணால் சொல்லிவிட்டான். எந்த ராஜாவும் "என் கோட்டையில் வடக்கு மதில் பலவீனம்" என்று கல்வெட்டில் பொறிக்கமாட்டான். ஆனால் வடக்கு மதிலுக்கு மட்டும் இரட்டைக் காவல் போட்டிருந்தான் என்று தெரிந்தால், சரித்திரம் எழுதுகிறவனுக்கு அது போதும்.

"அப்படியானால் கையால் மாற்றும் கியர்தான் உத்தமம்" என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதே டாட்ஜ் வண்டிகளில் 1994-லிருந்து வந்த ஐந்து கியர் பெட்டியில் ஒரு பிரசித்தமான நோய் உண்டு. பெரிய பாரத்தை ஐந்தாவது கியரிலேயே இழுத்து இழுத்து, அந்தக் கியரைப் பிடித்து வைத்திருக்கும் நட் தளர்ந்துவிடும். மற்ற கியர்களெல்லாம் சரியாக விழும். ஐந்தாவது மட்டும் இருந்தும் இல்லாததாகிவிடும்.

இன்னும் வேடிக்கை, காலம் மாறியபோது சாசனமும் தலைகீழாக மாறியது. 2013-ம் ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். அதே கம்பெனி, ஒரே 6.7 லிட்டர் எஞ்சின். கையால் மாற்றும் கியருக்கு 660 பவுண்டு-அடி. சொந்தத் தானியங்கிக் கியருக்கு 800. ஜப்பானிய அய்ஸின் கம்பெனியின் தானியங்கிக் கியருக்கு 850. பதினேழு வருஷத்தில் பலசாலி பலவீனனாகவும், பலவீனன் பலசாலியாகவும் ஆகிவிட்டார்கள். 1996-ல் சரியாக இருந்த புத்திமதி 2013-ம் ஆண்டு வண்டிக்கு நேர்மாறான தவறு. பழைய பழமொழிகளை வைத்துக்கொண்டு வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்பெனிப் பெயரை மந்திரமாக ஜபிப்பதும் இப்படித்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 2001-ம் ஆண்டு மாடலில் 520 பவுண்டு-அடி முறுக்குள்ள புது டீஸல் எஞ்சினுடன் அல்லிஸன் ஸ்தாபனத்தின் ஐந்து கியர் தானியங்கியைச் சேர்த்தது. அல்லிஸன் என்றால் பஸ்களுக்கும் பெரிய லாரிகளுக்கும் டாங்கிகளுக்கும் கியர் செய்தவர்கள். முதல் முதலாகப் பொருத்தம் பார்த்துச் செய்த கலியாணம் அது என்று சொல்லலாம். ஆனாலும் வண்டிக்காரர்கள் சும்மா இருந்தால்தானே? எஞ்சினின் கம்ப்யூட்டரை ஏமாற்றி அதிகமாக எரிபொருள் ஊட்டும் சிறு பெட்டிகளை வாங்கி மாட்டினார்கள். எஞ்சின் துள்ளியது, அல்லிஸனும் வழுக்கியது. போர்டு கம்பெனியின் 2003-ம் ஆண்டுக் கதையோ வேறு. அதன் புதிய ஐந்து கியர் தானியங்கி நல்ல பெயர் எடுத்தது. கூட வந்த 6.0 லிட்டர் எஞ்சின்தான் சொந்தக்காரர்களைப் பட்டறைக்கு நடக்க வைத்தது. அங்கே நுகத்தடி உறுதி, காளைக்கு நோய்!

ஆகவே, "எந்தக் கம்பெனி நல்லது?" என்பது கேள்வியே அல்ல. எந்த வருஷம், எந்த எஞ்சின், எந்தக் கியர் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்புறம் நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது: யார் கையில் இருந்தது?

இந்த நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லும் சாட்சிகளை மருமானுக்கு வரிசையாக எழுதி அனுப்பினேன். எனக்கு இதெல்லாம் தெரிந்ததல்ல. லாரிப் பட்டறை ஒன்றில் முப்பது வருஷம் உழைத்த ஒரு பெரியவரின் காலடியில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டது.

முதல் சாட்சி எண்ணெய். நல்ல எண்ணெய் சிவப்பாக இருக்கும், வயதானால் பழுப்பாகும். கருத்துப் போய்க் கருகல் வாசனை அடித்தால் தகடு தீய்ந்திருக்கிறது. அளவுகோல் இல்லாத கியர்களில் மெக்கானிக்கைக் கொண்டு கீழே இருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். அடித்தட்டைக் கழற்றினால் அங்குள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது சகஜம். பளபளக்கும் உலோகத் துணுக்கு இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வரலாம். ஆனால் எண்ணெய் புத்தம் புதிதாய்ச் செக்கச் செவேலென்று இருந்தால், அதையும் சந்தேகிக்க வேண்டும். கொலை நடந்த வீட்டைக் காலையில் கழுவி விட்டிருந்தால் எப்படி? எப்போது மாற்றினாய், ஏன் மாற்றினாய், ரசீது எங்கே என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது சாட்சி வண்டியின் உடம்பு. பின்புறத் தொட்டியின் தரையில் பெரிய கொக்கி பொருத்திய துவாரங்கள் உண்டா? டிரெய்லர் பிரேக்குக்கான ஒயர் ஓடுகிறதா? கொக்கி உருண்டையில் தேய்மானம் எவ்வளவு? "நான் படகு மட்டுந்தான் இழுத்தேன்" என்கிறவரின் வண்டி பத்து டன் இழுத்த தழும்போடு இருந்தால், படகு எத்தனை பெரிது என்று யோசிக்க வேண்டியதுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே, எதையோ மாட்டிக் கழற்றிய அடையாளம் இருந்தால், அந்த 'எதையோ' என்பது பெரும்பாலும் சக்தி கூட்டும் பெட்டி.

மூன்றாவது சாட்சி கியரின் நடத்தை. எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய், அப்போதுதான் கிளப்பச் சொல்ல வேண்டும். சூடாக்கி வைத்துக் காத்திருப்பவர் ஏதோ மறைக்கிறார். ரிவர்ஸில் போட்டவுடன் பிடிக்கிறதா, ஒரு கணம் யோசிக்கிறதா? சமவேகத்தில் ஓடும்போது எஞ்சின் சுற்று காரணமில்லாமல் ஏறி இறங்குகிறதா? வண்டி இலேசாக நடுங்குகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பாரத்தை மாட்டி மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். வெறும் வண்டியை ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு இழுக்கும் வண்டி வாங்குவது, உட்கார்ந்திருக்கும் காளையைப் பார்த்து விலை பேசுவது மாதிரிதான்.

அவன் முதலில் வாங்கிய வண்டியில் எண்ணெய் புத்தம் புதியது. ஸ்டியரிங்கின் கீழே இரண்டு துவாரங்கள். விற்றவர் எஞ்சினைக் கிளப்பி வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். மூன்று சாட்சிகளும் உண்மையைச் சொல்லத் தயாராக இருந்தார்கள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

இரண்டு மாதம் கழித்து மருமான் மறுபடியும் டெலிபோன் செய்தான். இரண்டு வண்டிகள் பார்த்திருக்கிறானாம். ஒன்று பளபளவென்று இருக்கிறது. குறைந்த மைல் ஓடியது. விற்பவர் "ஒரு குறையும் இல்லை" என்று அடித்துச் சொல்கிறார். காகிதம் ஒன்றும் கிடையாது. இன்னொன்று ஒரு கிழக் குடியானவருடையது. பெயிண்டு உரிந்திருக்கிறது. மைல் இரு மடங்கு. கியர் பாக்ஸை ஒரு தடவை பிரித்துக் கட்டியிருக்கிறது.

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அவரே சொன்னார், மாமா. தம் பையன் வெயில் காலத்தில் வைக்கோல் பாரத்தை இழுத்துக் கெடுத்துவிட்டானாம். ரசீதைக் காட்டினார். அப்புறம் எண்ணெய் ஆறுவதற்குப் பெரிய ரேடியேட்டரும், சூடு காட்டும் முள்ளும் வைத்திருக்கிறார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் ஒரு முறை கெட்டுப் போன கியராயிற்றே என்று பயமாக இருக்கிறது."

நான் சொன்னேன்: "அப்பா, சரித்திரத்தில் ஒரு விதி உண்டு. தனக்கு அனுகூலமாகச் சொல்கிறவனைவிட, தனக்குப் பாதகமானதைத் தானே சொல்கிறவனின் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். அந்தப் பெரியவர் விலை குறையும் என்று தெரிந்தும் சொல்லியிருக்கிறார். பாரத்தை மாட்டி மேட்டில் ஏற்றிப் பார். சரியாக இருந்தால் அந்த நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்."

அப்படியே வாங்கினான். அந்த வண்டி நாளைக்கே கெடாது என்று நான் உத்தரவாதம் சொல்ல முடியாது, யந்திரம் யந்திரந்தான். ஆனால் சென்ற கோடையில், டல்லாஸிலிருந்து நண்பர் ஒருவருடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு அதே ராட்டன் கணவாயில் ஏறியிருக்கிறான். பாதி வழியில் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியதும், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்ததைப் பொருட்படுத்தாமல், ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டானாம். கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் ஆறும் வரையில் கால் மணி நேரம் காத்திருந்தார்களாம்.

"ஏன் அப்பா நிற்கிறோம்?" என்று குழந்தை கேட்டிருக்கிறது.

"வண்டிக்கு வியர்க்கிறது, கண்ணு. கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்" என்று சொன்னானாம்.

இந்தத் தடவை குழந்தை அழவில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் எழுதியிருந்தான். அந்தப் பென்சில் நோட்டில் அன்றைய தேதியைப் போட்டு, மலையேறியதையும் முள் காட்டிய சூட்டையும் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறானாம். அடுத்தாற்போல் அந்த வண்டியை வாங்கப் போகிறவர் படித்துக்கொள்ளட்டும்.